முதுமாணிப் படிப்புக்கு இந்தியாவா, ஜெர்மனியா?

பேராதனையிலோ ஊவா வெல்லஸ்ஸவிலோ பட்டம் முடிக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இவ்விரண்டுக்கும் இடையே தடுமாறுகிறார்கள்.

செலவு: இந்திய அரசின் புலமைப்பரிசில் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு மாதாந்த உதவித்தொகையும் கிடைக்கும். ஜெர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் 2024 இல் நிர்ணயிக்கப்பட்டபடி, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை விசாவுக்கு முன்பே முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகையை மட்டுமே எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில்) இட்டுக் காட்ட வேண்டியிருப்பதால், கொழுந்து பறித்த சம்பளத்தில் வாழும் குடும்பத்தால் அதைத் தனியாகத் திரட்டவே முடியாது.

மொழி: இரு நாடுகளிலும் ஆங்கிலத்தில் படிக்கலாம்.

வேலை: படிப்பு முடிந்தபின் வேலை தேட ஜெர்மனி 18 மாதங்கள் தருகிறது, ஆனால் அங்கே வேலை கிடைக்கப் பெரும்பாலும் ஜெர்மன் மொழியும் வேண்டும்.

ஆவணம்: தந்தையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் அடையாள அட்டையில் வேறு விதமாகவும் இருந்தால், எந்த நாடானாலும், இப்போதே திருத்துங்கள்.

சேமிப்பு இல்லாதவர்களுக்கு இந்தியாவே பொருந்தும். பணத்துக்குப் பொறுப்பேற்க ஆளிருந்து, அங்கேயே தொழில் தேட விரும்புபவர்களுக்கு ஜெர்மனி ஏற்றது.