புது காம்பவுண்ட் வில் என்று உடைந்த வில்லை விற்றார்கள்: 1,140 டாலர் போச்சு

வில் வேட்டைப் பருவம் நெருங்குகிறது. பழைய வில்லைத் தள்ளிவிட்டுப் புதுசு வாங்கலாம் என்று இணையத்தில் துழாவிக்கொண்டிருப்பவர்கள் பணம் கட்டுமுன் இதைப் படித்துவிடுங்கள். 1,140 டாலர். காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் சக்கரம் வைத்த நவீன வில்), அம்பு அமரும் ரெஸ்ட், குறி பார்க்கும் ஐந்து பின் சைட், அம்புகளை வைக்கும் குவிவர் எல்லாம் பூட்டி, “பெட்டியைப் பிரித்ததும் எய்யலாம்” என்று சொல்லி விற்ற செட். வந்து சேர்ந்தது, யாரோ ட்ரை ஃபயர் செய்து, அதாவது அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டு, திருப்பி அனுப்பிய வில்.

கடையின் பெயரைப் போடவில்லை. வில்லும் அம்பும் மட்டுமே விற்கும் இணையக் கடை, அவ்வளவு போதும். “எங்களிடம் போனில் பேசுகிறவர்களே வேட்டைக்காரர்கள்தான்” என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள்.

நம்ப வைத்ததே அந்தப் போன்தான். பேசிய ஆளுக்கு விஷயம் தெரியாமல் இல்லை, அதுதான் வயிறு எரிகிறது. சுவரோடு நின்று கைகளை விரித்து, நடுவிரல் நுனிக்கு நடுவிரல் நுனி அளக்கச் சொன்னார். 71 அங்குலம். அதை 2.5ஆல் வகுத்து, டிரா லெங்த் (நாணை இழுக்கும் தூரம்) 28.4 வருகிறது, 28.5 மாட்யூல் (அந்தத் தூரத்தை முடிவு செய்யும், சக்கரத்தில் பொருத்தும் தகடு) போட்டு அனுப்புகிறேன் என்றார். 80 பவுண்டு இழுப்பு எடை கொண்ட லிம்ப் (வில்லின் வளையும் கை) வேண்டாம், மானுக்கு 70 தாராளம், குளிரில் உட்கார்ந்திருந்துவிட்டு ஆடாமல் அசையாமல் இழுக்க முடிகிற எடையே சரி என்றார். விளம்பரத்தில் இருக்கும் வினாடிக்கு 340 அடி வேகத்தை நம்பாதீர்கள், அது 70 பவுண்டு, 30 அங்குலம், 350 கிரெயின் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. உங்கள் டிரா லெங்த்துக்கும் 430 கிரெயின் வேட்டை அம்புக்கும் 290ஐ ஒட்டித்தான் வரும் என்றார். அத்தனையும் சரி. தன் சரக்கின் வேகத்தைத் தானே குறைத்துச் சொல்கிற வியாபாரியை யார் சந்தேகப்படுவார்கள்? பிறகு ஒரு படம் வந்தது: தராசில் தொங்கும் வில், இழுப்பு எடையைக் காட்டும் முள் 69 பவுண்டில். “உங்களுடையதுதான்” என்று ஒரு வரி. கார்டு வேண்டாம், வங்கியிலிருந்து நேராக அனுப்பினால் ரெஸ்ட் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்கிறேன் என்றும் ஒரு வரி. அந்த இரண்டாவது வரிக்குத்தான் முதல் வரியும், அதற்கு முன் பேசிய பேச்சும்.

பெட்டியைப் பிரித்ததும் மேல் ஜோடியில் ஒரு லிம்ப்பின் பூச்சு மட்டும் பளிச்சென்று இருந்தது. ஸ்டிக்கர் எண்ணும் அதன் ஜோடியோடு சேரவில்லை. மேல் ஜோடிக்கும் கீழ் ஜோடிக்கும் எண் மாறலாம், சில மாடல்களில் வடிவமைப்பே அப்படி. ஆனால் ஒரே ஜோடியில் ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் ஒன்று உடைந்து மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு பஞ்சு உருண்டையை லிம்ப் ஓரங்களில் மெதுவாக இழுத்துப் பார்த்தால், கீழ் லிம்ப் ஒன்றில், சக்கரத்தின் அச்சுக்கு அருகே, பஞ்சு இழை மாட்டிக்கொண்டது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் அங்கே மயிரிழைக் கீறல். கேமின் (லிம்ப் நுனியில் நாண் சுற்றும் சக்கரம்) பக்கவாட்டில் ஓர் அம்பை ஒட்டி வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் அது நாணுக்கு இணையாகப் போகவில்லை, மேல் கேம் சாய்ந்திருக்கிறது. வில்லை மெதுவாக இழுத்துப் பிடிக்கும் டிரா போர்டில் ஏற்றினால் மேல் கேமின் ஸ்டாப் (இழுப்பு முடியும் இடத்தில் நிறுத்தும் முளை) முதலில் இடிக்கிறது, கீழது தாமதமாக வருகிறது. இழுப்பு எடையைக் கூட்டும் லிம்ப் போல்ட்டை முழுக்க முறுக்கியும் தராசில் 63 பவுண்டுதான். படத்தில் இருந்தது வேறு வில். நடு சர்விங்கில் (நாணின் நடுவே சுற்றிய காப்பு நூல்) அம்பின் நாக் (நாணில் மாட்டும் பிளவு) உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த தடம். அதன் மேலேயே புது டி-லூப் (நாணை இழுக்கப் பிடிக்கும் கயிற்று வளையம்) கட்டி மறைத்திருக்கிறார்கள். மாட்யூலில் பொறித்திருந்த எண் 30. ஒன்றரை அங்குலம் கூட இருந்தால் நாண் முகத்தில் சரியான இடத்துக்கு வராது, பீப் (நாணில் குறி பார்க்கும் துளை) கண்ணுக்கு நேராக நிற்காது, உடம்பு பின்னால் சாயும், முன்கையில் நாண் அடிக்கும்.

அம்பில்லாமல் நாணை விட்டால், அம்பு எடுத்துக்கொண்டு போக வேண்டிய விசை முழுவதும் வில்லுக்கே திரும்புகிறது. லிம்ப் பிளக்கும், கேம் வளையும், அச்சு கோணும், நாண் பள்ளத்தை விட்டுத் துள்ளும். பல சமயம் வெளியே ஒன்றுமே தெரியாது. உள்ளே நார் பிரிந்திருக்கும், எப்போதோ ஒரு நாள் முழு இழுப்பில், முகத்துக்குப் பக்கத்தில் தெறிக்கும். லெட்-ஆஃப் (முழு இழுப்பில் கைக்குக் குறையும் எடை) 80 சதவீதம் என்பதால் 70 பவுண்டில் கையில் தாங்குவது 14 பவுண்டுதான், ஆனால் லிம்ப்பில் தேங்கி நிற்கும் விசை குறைவதில்லை. இதைத் தெரிந்தே பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். தப்பித்தவறி லிம்ப் தாங்கினாலும், கேம் ஒத்துப்போகாத வில்லில் பிராட்ஹெட் (கத்தி முனை வேட்டை அம்பு) ஒரே இடத்தில் விழாது. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் போக வேண்டிய அம்பு வயிற்றில் படும், அந்த மான் எங்கோ புதருக்குள் கிடந்து துடித்துச் சாகும். ஒரு கடைக்காரனின் 1,140 டாலருக்காக.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், “புது நாண் கொஞ்சம் நீளும், நூறு அம்பு எய்தால் செட்டாகிவிடும்” என்றார்கள். நாண் நீண்டால் டைமிங் (இரு கேமும் ஒன்றாகத் திரும்புவது) மாறும், பீப் திரும்பும்; லிம்ப் பிளக்காது. இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: உள்ளூர்க் கடையில் பிரஸ்ஸில் (லிம்ப்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) போட்டு டியூன் செய்துகொள்ளுங்கள், செலவு உங்களுடையது. படங்களை அனுப்பியதும், பெட்டி பிரித்த வில்லைத் திரும்ப எடுப்பதில்லை என்று மின்னஞ்சல். கடைசியில் வந்ததுதான் கொடுமை: “நீங்கள் ட்ரை ஃபயர் செய்திருப்பீர்கள்.” அவர்கள் செய்த குற்றத்தையே வாங்கினவர் தலையில் கட்டுவது! தயாரிப்பாளரிடம் கேட்டால், அந்த சீரியல் எண் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது, வாரண்டி முதல் உரிமையாளருக்கு மட்டும் என்கிறார்கள். புது வில்லுக்கு எப்படி முதல் உரிமையாளர் வேறு ஒருவர்? இந்தக் கேள்விக்குக் கடையிலிருந்து இன்றுவரை பதில் இல்லை. முதலில் போனில் பேசிய அந்த நிபுணர் இப்போது போனையே எடுப்பதில்லை. வங்கியில் கேட்டால், நீங்களாக அனுப்பிய பணம், கார்டு போலத் திருப்பிக் கேட்க வழியில்லை என்று கைவிரிக்கிறார்கள். 1,140 டாலர் அங்கேயே நிற்கிறது. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்குப் புகார் போயிருக்கிறது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தது, இப்போதைக்கு இவ்வளவுதான். கிரெடிட் கார்டில் மட்டும் கட்டுங்கள், யார் என்ன தள்ளுபடி தந்தாலும். பெட்டி பிரிப்பதை முதல் டேப் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். பஞ்சு வைத்துப் பார்க்காமல், மாட்யூல் எண்ணைப் படிக்காமல் நாணில் கை வைக்காதீர்கள். கீறல் தெரிந்தால் சும்மா ஒரு தடவைகூட இழுக்காதீர்கள். பணம் போகுமுன் சீரியல் எண்ணை வாங்கித் தயாரிப்பாளருக்குப் போன் போட்டு, இது பதிவாகியிருக்கிறதா, இந்தக் கடை உங்கள் அங்கீகாரம் பெற்ற டீலர்தானா என்று இரண்டையும் கேளுங்கள். எண்ணைத் தர மறுத்தால் அந்தக் கடையில் வாங்காதீர்கள்.