தரங்கம்பாடிக்கு அரை மணி நேரம் போதாது

என் அம்மா பிறந்த ஊர் பொறையார். ஒரு காலத்தில் டென்மார்க்காரர்கள் கோட்டை கட்டி வாழ்ந்த கடலோர ஊரான தரங்கம்பாடியை ஒட்டியே இருக்கிறது. சின்ன வயதில் லீவுக்குப் போனால் மாமா சைக்கிளில் உட்காரவைத்துக் கோட்டைக்குக் கூட்டிப்போவார். போன மாதம் அம்மாவையும், ஏழாவது படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு அதே ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவளாகவே ஒரு நாள் முழுக்க நடந்தேன். போகலாமா என்று யோசிப்பவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் நாளை ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் போனோம். ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1926-ல் வந்த பாதையை 1986-ல் நிறுத்திவிட்டார்கள். வழியெல்லாம் அம்மா அந்த ரயிலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் 1792-ல் கட்டிய வாசல், மேலே டென்மார்க் அரச முத்திரை. அதைத் தாண்டினால் கிங்ஸ் தெரு நேராகக் கடலுக்குப் போகிறது. வழியில் 1701-ஆம் ஆண்டின் சீயோன் தேவாலயம், 1718-ன் புதிய எருசலேம் தேவாலயம். இரண்டாவதில்தான் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்க் அடக்கமாகியிருக்கிறார். 1706-ல் இங்கே வந்து இறங்கியவர், 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியதாக இருந்தன, காகிதமும் போதவில்லை. அதனால் பொறையாரில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள், காகிதம் செய்யவும் ஒரு பட்டறை போட்டார்கள்.

மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா சட்டென்று நின்றுவிட்டார். "ஏண்டி, கடுதாசிப் பட்டறைன்னு ஒரு இடம் சொல்வோமே, அது இதுதானா?" அதுதான். எழுபது வருஷமாக வாயில் புழங்கிய பெயர், அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தொண்டை அடைத்தது.

டான்ஸ்போர்க் கோட்டை 1620-ல் எழுந்தது. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஓவ் கெட்டெ என்ற டேனிஷ் தளபதி கட்டினார். அந்த வருஷம் நாயக்கர் டென்மார்க் மன்னருக்குப் பொன் ஏட்டில் எழுதிய கடிதம் தமிழில் இருக்கிறது, கையெழுத்து மட்டும் தெலுங்கு. அது இன்று கோபன்ஹேகனில் இருக்கிறது. கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் சீனத் தேயிலை ஜாடிகள், வாள்கள், பீரங்கிக் குண்டுகள், சுதைச் சிற்பங்கள். திமிங்கல எலும்பின் பக்கத்தில் மகள் அடிமேல் அடி வைத்து அளந்து பார்த்தாள். கீழே வளைகூரை போட்ட அறைகளில் வெளியே கொதிக்கும் வெயில் துளியும் தெரியவில்லை.

பதினோரு மணிக்கு ஒரு டூரிஸ்ட் வேன் வந்தது. வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு சுற்றுக்கு நடுவே தரங்கம்பாடிக்கு அரை மணி நேரமாம். கோட்டை முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஹாரன் அடித்தது, ஓடினார்கள். அதில் வந்த பெரியவர் ஒருவர் என்னிடம், "வேற என்னம்மா இருக்கு இங்க?" என்று கேட்டார். கடற்கரையோரம் 1306-ல் பாண்டியர் கட்டிய மாசிலாமணிநாதர் கோயில் என்று தொடங்கினேன், அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். காசு கொடுத்து வந்த மனுஷருக்கு இப்படிச் செய்வது அநியாயம். அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் அரித்துத் தின்றிருப்பதை நின்று பார்க்கவே அரை மணி வேண்டும்.

எனக்கு மனதில் நின்ற இடம் கோல்ட்ஸ்மித் தெரு. 2004 சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பழைய வீடுகளைச் சீர்படுத்திக் கொடுத்த தெரு. திண்ணை, மரத்தூண், ஓடு. கோட்டையை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோம், இந்தத் தெருவை நடந்து பார்க்கிறோம். ஊருக்கு வருமானம் வரவேண்டுமானால் இந்தத் திண்ணைகளுக்கு வரவேண்டும் என்பது என் எண்ணம். இரண்டு வீட்டில் காபியும் இட்லியும், ஒரு வீட்டில் மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, ஊர்ப் பிள்ளைகளே வாசலிலிருந்து கோயில்வரை நடத்திக்கொண்டுபோய்ச் சொல்லும் கதை. கடலோரப் பழைய பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கிறார்கள், நல்ல விஷயம். அது தங்குகிறவர்களுக்கு. பகலில் வந்துபோகும் எங்களைப் போன்றவர்களுக்கு உட்கார நிழலும் ஒரு வாய்ச் சாப்பாடும் வேண்டும். நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் பொறையார் மாமா வீட்டுக்குத்தான் போனோம், எல்லோருக்கும் அங்கே மாமா இருக்க மாட்டார்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காலையில் தேவாலயங்களும் கோட்டையும், வெயில் தாழ்ந்த பிறகு கோயிலும் தெருவும். தண்ணீர் பாட்டில், தொப்பி கட்டாயம். மணலில் முட்டி வலிக்காரர்களைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் கூட இருக்கட்டும்.

சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகுமுன் கடுதாசிப் பட்டறைப் பக்கம் ஒரு எட்டுப் போகலாம் என்றார் அம்மா. போனோம். "அம்மாச்சி, இங்கயா பேப்பர் செஞ்சாங்க?" என்று மகள் கேட்க, அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.