ஆறு வயசுப் பையனுக்குப் பழைய காலத்து உடை: மூன்றில் எதைத் தைப்பது?

ஜூலை 7, ஜார்ஜ்டவுன் பாரம்பரிய நாள் நெருங்கினாலே பினாங்கில் தையல் தெரிந்த அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் வேலை வந்துவிடும். ‘பழைய ஜார்ஜ்டவுன் உடையில் பிள்ளையை அனுப்பவும்’ என்று பள்ளியிலிருந்து ஒரு வரி வரும், அவ்வளவுதான். பெண் பிள்ளை என்றால் பட்டுப்பாவாடை, கெபாயா என்ற மலாய் மேலாடை என்று சமாளித்துவிடலாம். பையன் என்றால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. வாடகைக் கடையில் கிடைப்பது பளபள பாலியெஸ்டர், முதுகில் ஜிப், இடுப்பில் எலாஸ்டிக். தூரத்தில் நின்று பார்த்தால் சரி, கிட்டே வந்தால் அது எந்தக் காலத்து உடையும் இல்லை.

இந்த வருஷம் அண்ணன் மகனுக்காக மூன்று உடைகளை எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். எம்பிராய்டரி, லேஸ் எல்லாம் என் கணக்கில் பின்னால்தான் வரும். அந்தத் துணி அந்தக் காலத்தில் இருந்ததா, உடை எப்படித் திறந்து மூடுகிறது, இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் மீதியை விட்டுக்கொடுக்கலாம். பாலியெஸ்டர் துணி கடைக்கு வந்ததே 1950களில். இன்றைய ஜிப் 1913 வாக்கில் உருவானாலும், சிறுவர் உடையில் அது ஏறியது 1930களில்தான். மூன்றாவது கேள்வியை மருமகனே கேட்டுவிட்டான்: “அத்தை, இதப் போட்டுக்கிட்டு எப்படி ஒண்ணுக்குப் போறது?” அதையும் சேர்த்துக்கொண்டேன்.

முதலாவது ஸ்கெலிட்டன் சூட். பெயர்தான் பயமுறுத்தும், உடை அழகு. 1780களில் தொடங்கி 1830 வாக்கு வரை ஐரோப்பாவில் வசதியான வீட்டுப் பையன்கள் போட்டது. அப்போதெல்லாம் நாலைந்து வயது வரை ஆண் பிள்ளைக்கும் கவுன்தான்; கவுனை விட்டதும் இதுதான். பினாங்கில் ஆங்கிலேயக் குடியேற்றத்தைத் தொடங்கிய பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கிய 1786, பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் தொடங்கிய 1816 இரண்டுமே இந்தக் காலத்துக்குள் அடங்குகின்றன. குட்டையான மேல்கோட், இடுப்புக்கு மேலே நன்றாக ஏறும் முழுக்கால் சட்டை. கால்சட்டைப் பட்டியைச் சுற்றிலும் காஜா, அதாவது பட்டன் துளை, கோட்டின் கீழ்ப்பகுதியைச் சுற்றிலும் பட்டன். இரண்டையும் பூட்டிவிட்டால் ஒரே உடை. பெல்ட்டும் வேண்டாம் நாடாவும் வேண்டாம், பையன் எவ்வளவு ஓடினாலும் நழுவாது. ஸ்பெயின் ஓவியர் கோயா 1787-88 வாக்கில் மானுவேல் ஒசோரியோ என்ற சிறுவனைச் சிவப்பு உடையில் வரைந்த படம் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கிறது. காலரும் இடுப்புத் துணியும் எப்படி அமர்கின்றன என்று பார்க்க அந்த ஒரு படமே போதும்.

உள்ளே போடும் சட்டைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதில் வளைவாக வெட்டுவதே கிடையாது. உடம்புக்கு ஒரு நீளத் துண்டு, தோளில் மடித்தது. கைக்கு இரண்டு செவ்வகம். அக்குளில் ஒரு சதுரத் துண்டு. ஆறு வயசுக்கு ஏழு சென்டிமீட்டர் போதும். கழுத்திலும் மணிக்கட்டிலும் சுருக்கு வைத்துப் பட்டியில் அடக்கிவிடுகிறார்கள். துணியில் ஒரு விரல் அகலம்கூட வீணாகாது, கையைத் தூக்கினால் சட்டை மேலே ஏறாது. லிட்டில் இந்தியாவில் எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். “இது நம்ம ஜிப்பாதானே?” என்றார். பாஜு கூரோங் என்ற தொளதொள மலாய்ப் பெண்கள் உடை வெட்டத் தெரிந்த மலாய் அக்காவிடம் காட்டினாலும் இதையேதான் சொல்வார். துணி விலை உயர்ந்திருந்த காலத்தில் எல்லா ஊரிலும் கத்தரிக்கோல் ஒரே மாதிரிதான் யோசித்திருக்கிறது.

சிக்கல் கைவேலையில். எலியாஸ் ஹோவ் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1846-இல், சிங்கர் 1851-இல். அதற்கு முந்தைய உடை என்றால் முழுவதும் கையால்தான் தைக்க வேண்டும். நான் அவ்வளவு பிடிவாதக்காரி இல்லை. உள்ளே மறையும் நீளத் தையலை மெஷினில் ஓட்டிவிட்டு, கண்ணில் படும் ஓரங்களையும் காஜாவையும் மட்டும் கையில் எடுக்கலாம். மெஷின் காஜா முதலில் தைத்துவிட்டுப் பிறகு நடுவில் வெட்டுகிறது. வெட்டின இடத்தில் நூல் பிசிறு எட்டிப் பார்க்கும். கைக்காஜாவில் முதலில் வெட்ட வேண்டும், பிசிறை அடக்க ஓரத்தைச் சுற்றித் தைக்க வேண்டும், அப்புறம் நெருக்கமாக ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துக்கொண்டால் முறுக்கிக்கொள்ளாது. இடுப்புக்கு மட்டும் எட்டு முதல் பத்து காஜா வரும், நேரமெல்லாம் அங்கேதான் போகும்.

துணிக்கு அக்காலத்தில் சீனாவிலிருந்து கப்பலில் போன நான்கீன் என்ற மஞ்சள் கலந்த பருத்தி இருந்தது. இன்று அதற்குப் பதில் வெளுக்காத காடா துணி. தேயிலை டிகாக்ஷனில் முக்கி எடுத்தால் நிறம் கிட்டத்தட்ட வந்துவிடும். வெட்டுவதற்கு முன் ஒரு முறை வெந்நீரில் அலசிவிடுங்கள், காடா சுருங்கும். மருமகனின் கேள்விக்கு வருவோம்: முன்பக்கம் மடிப்புக் கதவு மாதிரி ஒரு துண்டு, இரண்டு பட்டன், ஒண்ணுக்குத் தானே போய்க்கொள்வான். ரெண்டுக்கு என்றால் சுற்றிலும் கழற்ற ஆள் வேண்டும். டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இரண்டாவது, எல்லோருக்கும் தெரிந்த மாலுமி உடை. விக்டோரியா ராணியின் மூத்த மகனுக்கு 1846-இல் தைத்துப் போட்டார்கள், ஓவியர் விண்டர்ஹால்டர் அதை வரைந்தார். 1870களுக்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு பரவி, 1920கள் வரை ஓடியது. பிரிட்டிஷ் கடற்படையில் சாதாரண மாலுமிகளுக்கென்று ஒரே சீருடை வந்தது 1857-இல்தான். காலரில் மூன்று வெள்ளைக் கோடு அதிலிருந்து வருகிறது. அந்த மூன்றும் கடற்படைத் தளபதி நெல்சனின் மூன்று வெற்றிகள் என்பது நன்றாக ஓடும் கட்டுக்கதை, பையன் மேடையில் அதைச் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர் நாட்டில் நீலக் கம்பளியில் தைத்தார்கள், வெயிலுக்கு வெள்ளை டிரில் என்ற கெட்டியான பருத்தித் துணி. ஆகவே இந்த ஊர் வெயிலில் வெள்ளை டிரில் போடுவது வசதிக்காகச் செய்த சமரசம் ஆகாது, சரித்திரப்படியே சரி. மெஷினில் தைத்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. சதுரக் காலர் இரண்டு அடுக்கு, முனைகளை ஊசியால் குத்தி வெளியே தள்ளி இஸ்திரி போட்டால் கூர்மையாக நிற்கும். நாடாவைக் காலர் மூடும் முன் தைத்துவிட வேண்டும். கழுத்துக்குள் தெரியும் மார்புத் துண்டைத் தனியாகத் தைத்துப் பட்டன் போடலாம். அரைக்கால் சட்டைக்கு எலாஸ்டிக் வேண்டாம். உள்சட்டையின் இடுப்பில் பட்டன் வைத்து அதில் மாட்டுங்கள், 1900களில் சின்னப் பையன்களுக்கு அப்படித்தான். ஸ்கெலிட்டன் சூட்டின் சங்கதியேதான், உள்ளே ஒளிந்துகொண்டது.

மூன்றாவது வேட்டி, கோட், தொப்பி. “நம்ம பிள்ளைக்கு எதுக்கு வெள்ளைக்காரன் உடுப்பு?” என்று அண்ணி கேட்டார். நியாயம்தான். பழைய ஸ்டூடியோ படங்களில் தமிழ்ப் பையன்கள் வெறுங்காலோடு, வேட்டிக்கு மேலே கோட் போட்டு விறைப்பாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். வேட்டிக்குத் தையலே இல்லை, அதனால் இது சுலபம் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றிலும் கஷ்டமானது இந்தக் கோட்தான். மலாயாவில் குமாஸ்தாக்களும் அதிகாரிகளும் போட்ட கழுத்து மூடின வெள்ளை டிரில் கோட்டைச் சின்ன அளவில் தைப்பது என்றால், நிமிர்ந்து நிற்கும் காலருக்குள் கேன்வாஸ் வேண்டும், கை ஏற்றும் இடத்தில் சுருக்கம் விழக்கூடாது. சின்னத் தோளில் அரை சென்டிமீட்டர் பிசகினாலும் தெரியும். பழக்கம் இல்லாதவர்கள் இந்தக் கோட்டை மட்டும் தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டனில் ஒரு நல்ல வழி இருக்கிறது: அந்தக் கோட்டுகளில் சலவைக்குக் கழற்றி மாட்டும் பட்டன்கள் இருந்தன. அதே முறையில் மலாய் ஆண்களின் பாஜு மலாயு உடைக்கு இன்றும் பட்டன் செட் விற்கிறார்கள். கல் வைக்காத, சாதாரணப் பித்தளை நிறத்தில் எடுத்தால் பொருந்தும்.

வேட்டி அவிழும், அதற்கு அரைஞாண் கயிறு இருக்கிறது. கடைகளில் கிடைக்கும் ‘ஒட்டிக்கோ’ வேட்டி வேண்டாம், 1950களுக்கு முன் வெல்க்ரோ ஏது? தமிழ் முஸ்லிம் பையன் என்றால் கட்டம் போட்ட கைலியும் வெள்ளைச் சட்டையும் இன்னும் சுலபம், கைலிக்கு ஒரே ஒரு தையல்தான். பாஜு மலாயுவை நான் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. கடையிலேயே நல்லது கிடைக்கிறது, வகுப்பில் பாதிப் பேர் அதில்தான் வருவார்கள்.

துணி வாங்கும்போது ஒரு சோதனை. ஓரத்தில் ஒரு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் உதிர்ந்தால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக நின்றால் பாலியெஸ்டர் கலந்தது. ‘காட்டன்’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம். டிரில்லில் கலப்பு அதிகம்.

சரி, எது? கையில் மெஷின் இருக்கிறது, நேரம் இல்லை என்றால் மாலுமி உடை, யோசிக்கவே வேண்டாம். குடும்பக் கதை சொல்லும் நிகழ்ச்சி என்றால் வேட்டியும் கோட்டும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் மறுபடி போடலாம், கையிலும் அடியிலும் இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருந்தால் அடுத்த வருஷமும் ஓடும். தைப்பவருக்குச் சந்தோஷம் தருவது ஸ்கெலிட்டன் சூட், அதற்கு மறுபயன் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் அண்ணி சொன்னதுதான் நடந்தது: வேட்டி, கோட். ஸ்கெலிட்டன் சூட்டின் சட்டையை மட்டும் மல் துணியில் தனியாகத் தைத்து வைத்திருக்கிறேன். அவன் அதை இரவில் போட்டுத் தூங்குகிறான்.