அக்கா ஸ்கூட்டருக்குக் கிளட்ச் மாற்றியது: ஒரு புதுச்சேரி சர்வீஸ் அனுபவம்

ஊருக்குப் போனால் ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை), பேங்க் கேஒய்சி, பல் டாக்டர் என்று அலைச்சல் இருக்கத்தான் செய்யும். இந்த முறை அதெல்லாம் பெரிய வம்பில்லாமல் முடிந்துவிட்டது, எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அக்கா வீட்டு ஸ்கூட்டருக்குக் கிளட்ச் மாற்றியதைப் பற்றி. லீவில் வருகிறவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் யாராவது சொந்தக்காரர் வீட்டில் நிற்கிற வண்டியைத்தான். அவர்களுக்குப் பயன்படலாம்.

நான் இருப்பது பாரிஸ் பக்கம், சார்செல்லில். என்னிடம் பழைய டுகாட்டி மான்ஸ்டர் 1100 பைக் ஒன்று இருக்கிறது. 2011-ல் வந்த ஈவோ மாடலில் கிளட்ச்சை எண்ணெய்க்குள் வைத்துவிட்டார்கள். என்னுடையது அதற்கு முந்தியது, அதாவது எண்ணெய் படாமல் ஓடுகிற டிரை கிளட்ச். லீவரைப் பிடித்தால் தகர டப்பாவில் சில்லறை போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். கிளட்ச் பிளேட்டின் காதுகள், அதைச் சுற்றியிருக்கிற கூடையின் பள்ளங்களில் மோதுகிற சத்தம் அது. மோதி மோதி இரண்டு பக்கமும் தேயும், தேயத் தேய இடைவெளி கூடும், சத்தமும் கூடும். எண்ணெய் இழுவை இல்லாததால் எஞ்சின் சக்தி கொஞ்சம் மிச்சம், தேய்ந்த தூள் எஞ்சின் ஆயிலில் கலக்காது. இதெல்லாம் லாபம். ஆனால் சூட்டை எடுத்துப் போக எண்ணெய் கிடையாது. டிராஃபிக்கில் அரை கிளட்ச்சில் ஊர்ந்தால் ஸ்டீல் பிளேட் நீலம் பூத்துவிடும்.

டிரை கிளட்ச் என்றால் ரேஸ் வண்டி சமாசாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். புதுச்சேரியில் பெட்ரோலில் ஓடுகிற கியர் இல்லாத ஸ்கூட்டர் அத்தனையிலும் இருப்பது டிரை கிளட்ச்தான். பிளேட்டுக்குப் பதில் மூன்று ஷூ. எஞ்சின் வேகம் ஏறினால் அவை வெளிப்பக்கம் விரிந்து, சுற்றியிருக்கிற பெல் என்ற இரும்புக் கிண்ணத்தின் உட்சுவரைக் கவ்வும், வண்டி நகரும். இடது பக்க மூடிக்குள் பெல்ட்டோடு சேர்ந்து இது இருக்கிறது. அந்த மூடியைத்தான் சர்வீஸ் என்ற பெயரில் யாரும் திறப்பதில்லை.

அக்கா வண்டியில் இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் நின்று கிளம்பும்போதெல்லாம் காலடிப் பலகையிலிருந்து ஹேண்டில் வரை ஒரு உதறல். பத்து, பதினைந்து வேகத்தைத் தாண்டினால் சரியாகிவிடும். மாமாவைப் பின்னால் வைத்துக்கொண்டு அரியாங்குப்பம் பாலத்தில் ஏறினால் எஞ்சின் கத்துகிறது, வண்டி போக மாட்டேன் என்கிறது. கேட்டால் அக்கா, “அது அப்படித்தான்டா போகும், எங்களுக்குப் பழகிப்போச்சு” என்றாள்.

முதலில் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டோம். புக்கிங் போனிலேயே முடிந்தது, ஏசி ஹால், காபி, எதற்கும் குறைவில்லை. சாயங்காலம் வாட்டர் வாஷ் செய்து பளபளவென்று கொடுத்தார்கள், உதறல் அப்படியே இருந்தது. கிளட்ச் அசெம்பிளி முழுதாக மாற்ற வேண்டும் என்று தனியாக ஒரு எஸ்டிமேட். எது தேய்ந்திருக்கிறது, காட்டுங்கள் என்றேன். கஸ்டமர் உள்ளே வரக்கூடாதாம். சரி, கழற்றி வெளியே கொண்டுவந்து காட்டலாமே? அதற்கும் பதிலில்லை. பிரான்சிலும் பட்டறைக்குள் விடமாட்டார்கள், ஆனால் தேய்ந்த பாகத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து காட்டுவார்கள். பார்க்காமல் பணம் கட்ட எனக்கு மனசு வரவில்லை.

மாமாவுக்குத் தெரிந்த மெக்கானிக் முத்தியால்பேட்டை பக்கம் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். முதலில் வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு தெரு சுற்றிவிட்டு வந்தார். “சார், இது தண்ணியில நின்ன வண்டியா?” என்றார். அக்கா வீடு ரெயின்போ நகர். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்தத் தெருவில் நின்ற வண்டிகள் எல்லாமே சீட் வரை மூழ்கின. அதற்கப்புறம் எஞ்சின் ஆயில், ஏர் ஃபில்டர், பிளக் எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். இடது மூடியை மட்டும் யாரும் தொடவில்லை.

திறந்ததும் கருப்புத் தூள் கொட்டியது. பெல்லைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உட்சுவரில் அங்கங்கே நீலத் திட்டு, விளிம்பு ஓரமாகத் துருவின் செம்பழுப்பு வளையம். ஷூ மூன்றில் இரண்டு கண்ணாடியாக வழவழத்துப் போயிருந்தன. மூன்றாவதை விரலால் நெம்பினார், அசையவில்லை. அது அசைந்து விரிய வேண்டிய பின்னில் (ஊசியில்) துரு ஏறி இறுகியிருந்தது. அதாவது மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை இரண்டு பேர் செய்திருக்கிறார்கள். பெல்லை ஒரு பக்கமாகவே கவ்விக் கவ்வி விட்டதால் உதறல், பிடிமானம் போதாமல் பாலத்தில் வழுக்கல். வெர்னியர் வைத்து அளந்தார். ஷூமேல் ஒட்டியிருக்கிற உராய்வுப் பட்டையான லைனிங் புதிதில் 4 மி.மீ. இருக்கும், 2-க்கு வந்தால் மாற்றிவிடுவார்கள். அந்த இரண்டும் 2-க்குக் கீழே. இறுகிக் கிடந்ததில் இன்னும் 3 மிச்சம். பின்சக்கரப் பக்கத்து கியர் பாக்ஸ் சீலில் ஆயில் கசிகிறதா என்று விரலால் துடைத்துப் பார்த்தார், இல்லை. கசிந்தால் புது ஷூ போட்டாலும் வழுக்கும், முதலில் சீலை மாற்ற வேண்டும்.

அவருடன் எனக்கு உரசல் வந்தது ஒரு இடத்தில்தான். பையன் கம்ப்ரஸர் குழாயை எடுத்துத் தூளை ஊதப் போனான். தடுத்துவிட்டேன். மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கிற ஆஸ்பெஸ்டாஸ் அதில் இருக்கலாம். பிரான்சில் 1997 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. இந்தியாவில் அப்படி முழுத் தடை இல்லை, மலிவு லைனிங்கில் என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே துடைக்க வைத்தார். அடுத்த வண்டிக்குப் பழையபடி காற்றுதான்.

பாகம் வாங்குவது நம் வேலை. அட்டைத் துண்டில் எழுதிக் கொடுத்தார்: ஷூ செட், பெல், பெல்ட், பெல்ட்டின் முன்பக்கக் கப்பிக்குள் உருளுகிற ரோலர் 6. கடைக்காரர் ஜெனியூன், கம்பெனி மாதிரி, லோக்கல் என்று மூன்று ரகமாக எடுத்து வைப்பார். பெல்லும் ஷூவும் பெல்ட்டும் ஜெனியூனிலேயே வாங்குங்கள், ரோலர் வேண்டுமானால் இரண்டாம் ரகம் போதும் என்பது மெக்கானிக் கணக்கு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். லேபர் ஐந்நூறு. எங்கள் பக்கம் ஒரு மணி நேரக் கூலிக்கே இந்தக் காசு மொத்தமும் போதாது. முதலில் கிளட்ச் மட்டும் போதுமே என்றுதான் கேட்டேன். பெல்ட்டை உட்புறமாக வளைத்துக் காட்டினார், பல்லுக்குப் பல் வெடிப்பு. பெல்ட்டுக்குப் பொதுவாக இருபது, இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர்தான் ஆயுள், இது அதைத் தாண்டிவிட்டது. மறுபேச்சில்லை.

அங்கே காத்திருந்தபோது 100 சிசி பைக் ஒன்றைத் தள்ளிக்கொண்டு ஒருவர் வந்தார். ஆயில் மாற்றியதிலிருந்து கிளட்ச் வழுக்குகிறதாம். டப்பாவைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் ஸ்கூட்டர் ஆயில். பைக்கில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே முங்கி ஓடுகிறது. அதற்கு ஜாஸோ (ஜப்பானியத் தர முத்திரை) எம்ஏ என்று போட்டது வேண்டும். ஸ்கூட்டருக்கு வருகிற எம்பி ஆயிலில் உராய்வு குறைவு, கிளட்ச் ஆயிலைத் தொடாத வண்டிக்குத்தான் அது சரி. டப்பாவின் பின்பக்கம் இந்த இரண்டு எழுத்தைப் பார்த்து வாங்கினால் போதும்.

புது ஷூவைப் பெல்லில் வைக்குமுன் இரண்டையும் பெட்ரோலில் துடைத்து, கையில் ஒட்டிய கிரீஸ்கூடப் படாமல் பூட்டினார். நட்டை மட்டும் இம்பாக்ட் கன்னால் ஒரே இறுக்கு. இறுக்கத்தை அளந்து பூட்டுகிற டார்க் ரெஞ்ச் இல்லையா என்று கேட்டேன். “கை கணக்கு சார்” என்றார். அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் கடையில் அந்தக் கருவி இல்லாதபோது என்ன செய்வது? பில் கேட்டதற்கு அதே அட்டைத் துண்டின் பின்பக்கம் எழுதித் தந்தார். பழைய பாகங்களைக் கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார்.

மறுநாள் மாமாவும் நானுமாகக் கடலூர் மஞ்சக்குப்பம் வரை போய் வந்தோம். பாலத்தில் எஞ்சின் கத்தவில்லை. அக்காதான், வண்டி இப்போது தொட்டதும் கிளம்புகிறது, பயமாக இருக்கிறது என்கிறாள். அடுத்த மழைக்கு முன் வண்டியை வாசல் திட்டுமேல் ஏற்ற ஒரு சரிவுப் பலகை அடிக்கச் சொல்லி மாமாவிடம் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். போன வாரம் போனில் கேட்டேன், இன்னும் ஆசாரியைப் பார்க்கவில்லையாம்.