டிராக் காருக்குக் கண்ணாடியா, அக்ரிலிக்கா, பாலிகார்பனேட்டா: என் எஸ்டீமில் மாற்றிப் பார்த்த அனுபவம்

பல்லடம் பக்கத்தில் எங்கள் பண்ணையில் கறிக்கோழி எடைபோடும் எலக்ட்ரானிக் தராசு ஒன்று இருக்கிறது. டிராக் ரேஸ் என்னும் நேர்ப்பாதைப் பந்தயத்துக்காக எடை குறைக்க, என் பழைய மாருதி எஸ்டீமின் கண்ணாடிகளைக் கழற்றியதும் முதல் வேலையாக அதில்தான் ஏற்றி நிறுத்தேன். நாலு கதவுக் கண்ணாடியும் சேர்ந்து 10 கிலோ 200 கிராம். பின்கண்ணாடி 5 கிலோ 300. ஆக மொத்தம் பதினைந்தரைக் கிலோ. அதே அளவுக்கு 3 மி.மீ. பாலிகார்பனேட் பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி வைத்தால் 6 கிலோ 800. மிச்சம் எட்டே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.5 கிராம், பாலிகார்பனேட்டுக்கு 1.2, அக்ரிலிக்குக்கு 1.19. ஒரே தடிமனில் எந்த பிளாஸ்டிக்கைப் போட்டாலும் எடை பாதிக்கும் கீழே வந்துவிடும். ஆனால் கதவுக்குள் இருக்கும் கண்ணாடி ஏற்றி இறக்கும் மெஷினைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. பிளாஸ்டிக்கைச் சட்டத்தோடு முடுக்கிவிட்டால் அந்த மெஷினுக்கு வேலை இல்லை. நாலு கதவிலும் கைப்பிடி, மெஷின், அதன் பட்டை எல்லாம் கழற்றியதில் இன்னொரு ஏழரைக் கிலோ போனது. அதாவது கிடைத்த லாபத்தில் ஏறத்தாழ பாதி இரும்பில் வந்தது.

இரண்டும் சேர்ந்த இந்தப் பதினாறு கிலோவால் எவ்வளவு நேரம் குறையும்? கால் மைல், அதாவது 402 மீட்டர் ஓட்டத்தில், எடையை குதிரைத்திறனால் வகுத்து வரும் எண்ணின் கனமூலத்தை ஒட்டித்தான் நேரம் கூடும், குறையும். சீட்டு, கார்ப்பெட் எல்லாம் ஏற்கெனவே எடுத்த என் வண்டி, என்னையும் சேர்த்து 830 கிலோ. அதில் பதினாறு கிலோ என்பது இரண்டு சதவீதம். கனமூலத்தில் அது முக்கால் சதவீதத்துக்கும் கீழே. பதினாறு வினாடி ஓடும் வண்டிக்குப் பத்தில் ஒரு வினாடி. கிளச்சை விடுவதில் ஒரு சின்னத் தடுமாற்றம் வந்தாலே அது போய்விடும். ஆனாலும் டியூனிங்கில் அந்தப் பத்தில் ஒன்றைப் பிடிக்கச் செலவு செய்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். எடையைக் குறைத்து ஓட்டுவது கோயம்புத்தூருக்குப் புதிதும் அல்ல. மாருதி 800 எஞ்சினை ஒரு லேசான ஒற்றை இருக்கை வண்டியில் வைத்து பார்முலா மாருதியை உருவாக்கியவர் கரிவரதன். செட்டிபாளையத்தில் இருக்கும் 2.1 கி.மீ. பந்தயத் தடம் அவர் பெயரில்தான் நிற்கிறது.

முன்கண்ணாடியைப் பற்றி ஒரே வரி: நான் தொடவில்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி அது. கல் பட்டாலும் விரிசலோடு நிற்கும். வைப்பர் ஓடும் இடத்தில் பிளாஸ்டிக் வைத்து ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லை. நண்பர் ஒருவரின் ஹோண்டா சிட்டியில் பார்த்திருக்கிறேன். மாலை வெயில் எதிரே அடிக்கும்போது கீறல் எல்லாம் ஒளிவட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

அக்ரிலிக்கை ஒதுக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. போர்டு எழுதும் கடைகளில் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பாலிகார்பனேட்டை விட மேல்பரப்பு கடினம், வெயிலில் மஞ்சளாவதும் குறைவு, கீறல் விழுந்தால் நைசான் எமரி பேப்பரும் காம்பவுண்டும் போட்டுத் தேய்த்து மீட்டுவிடலாம். இந்த நல்ல குணங்களை மறுக்க மாட்டேன். ஆனால் அது உடையும். முதல் தடவை பின்கதவுக்கு அதைத்தான் வெட்டினேன். சாதாரண டிரில் பிட்டில் நாலாவது ஓட்டை போடும்போதே ஓரம் வரைக்கும் வெடித்துவிட்டது. உடைந்த துண்டு கத்தி மாதிரி இருந்தது. கதவுக் கண்ணாடியாவது டெம்பர் செய்தது, உடைந்தால் கற்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டும். தலைக்குப் பக்கத்தில் அக்ரிலிக்கை வைத்து ஓட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆக உண்மையான போட்டி, கண்ணாடியை அப்படியே விடுவதா, பாலிகார்பனேட் போடுவதா என்பதுதான். என் சாய்வு பாலிகார்பனேட் பக்கம்.

ஷீட் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கார் நிறுத்தும் ஷெட்டுக்குக் கூரை போடும் பாலிகார்பனேட் ஷீட் உள்ளே அறை அறையாகக் காலியாக இருக்கும். அது இல்லை, முழுக்கட்டியான சாலிட் ஷீட் என்று கேட்டு வாங்க வேண்டும். எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் என் ஐந்து கண்ணாடியும் வந்தன. பழைய கண்ணாடி மேல் பிரவுன் பேப்பர் வைத்து அச்செடுத்து, பாதுகாப்புப் படலத்தைப் பிரிக்காமலே ஜிக்சாவில் வெட்டினேன். பின்கண்ணாடியின் வளைவுக்குச் சூடாக்கவே இல்லை, அப்படியே வளைத்து முடுக்கினேன். பூச்சில்லாத ஷீட்டைத் தடிமனைப் போல நூறு மடங்கு ஆரம் வரைக்கும் குளிர்நிலையில் வளைக்கலாம் என்பது பொதுவான கணக்கு, 3 மி.மீ.க்கு 30 சென்டிமீட்டர்.

ஓட்டையைப் பெரிதாகப் போடுங்கள். கண்ணாடி வெயிலில் விரிவதைப் போல ஏழெட்டு மடங்கு பாலிகார்பனேட் விரியும். விடியற்காலை 20 டிகிரியில் முடுக்கிய ஒரு மீட்டர் ஷீட், நடுப்பகல் வெயிலில் நின்று 60 டிகிரிக்குப் போனால் இரண்டரை மி.மீ.க்கு மேல் நீளும். போக இடம் இல்லாவிட்டால் நடுவில் உப்பும், அல்லது போல்ட்டைச் சுற்றி விரிசல் கிளம்பும். 5 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை, ரப்பர் வாஷர், ரப்பர் தொட்டதும் முடுக்கு நிறுத்தம். மரை கழலாமல் இருக்க ஊற்றும் திரவம் இதற்கு எமன். அந்த ரசாயனமே ஷீட்டை வெடிக்க வைக்கும். நைலான் வைத்த நட் போதும்.

இவ்வளவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. அதற்குப் பிறகு நாள்தோறும் துடைப்பதில் இருக்கிறது சங்கதி. கண்ணாடியா பாலிகார்பனேட்டா என்பதை நான் எடையை வைத்து முடிவு செய்யவில்லை, துடைப்பதை வைத்துத்தான் முடிவு செய்தேன்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப் எதிலும் கைக்கு முதலில் வருவது திருப்பூர் பனியன் வேஸ்ட். ஆயில், கிரீஸ், லேத்தில் விழுந்த சுருள் எல்லாம் அதில் ஒட்டியிருக்கும். கண்ணாடியில் அதைப் போட்டுத் துடைத்தால் ஒன்றும் ஆகாது. பாலிகார்பனேட்டில் ஒரே இழுப்பு, நூறு கோடு. அதற்கு மேல் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. ஆடியில் பல்லடத்துச் செம்மண் புழுதி வண்டி மேல் மாவு சலித்த மாதிரி படியும். அதைக் காய்ந்த துணியால் தட்டினாலே எமரி பேப்பர் போட்ட மாதிரிதான். போர் தண்ணீரில் கழுவிக் காயவிட்டால் உப்பு பூத்துக்கொள்ளும். அந்த உப்பைத் தேய்த்தாலும் கோடு. சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு.

கீறலாவது பார்வையோடு போகும். பெட்ரோல், தின்னர், பிரேக் கிளீனர், அசிட்டோன், அமோனியா கலந்த கண்ணாடி லிக்விட் இவை ஷீட்டையே கெடுத்துவிடும். ஹெல்மெட்டின் முன்கண்ணாடியும் பெரும்பாலும் பாலிகார்பனேட்தான். பெட்ரோலில் துடைத்துப் புகை படிந்த மாதிரி ஆக்கியவர்களுக்குப் புரியும். எனக்கு அது ஒரு ரேஸ் மீட்டுக்கு முந்தின ராத்திரி நடந்தது. கதவுக்கு நம்பர் ஒட்டிய பெயின்ட் கடைப் பையன், பின்கண்ணாடியில் இருந்த டேப் பசையைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டான். நான் பார்க்கும்போது வெள்ளை மேகம் மாதிரி ஒரு கறை. காலையில் வளைவான இரண்டு ஓரத்திலும் போல்ட்டைச் சுற்றி முடி முடியாக விரிசல். வளைத்து முடுக்கிய இடத்தில் ஏற்கெனவே இழுவிசை இருக்கும். ரசாயனம் அங்கேதான் முதலில் பிடிக்கும்.

"கண்ணாடின்னு நெனச்சுத் தொடச்சுப்போட்டனுங் மாமா" என்று அவன் வெசனப்பட்டு நின்றான். அவனைத் திட்ட மனசு வரவில்லை. பார்த்தால் கண்ணாடி மாதிரிதான் இருக்கிறது, நான்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்த மீட்டில் வண்டி ஓடவில்லை.

இப்போது ஐந்து ஷீட்டின் மூலையிலும் "தண்ணி மட்டும்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். முதலில் தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓடவிடுவது, பிறகு குழந்தைக்குப் போடும் ஷாம்பு கலந்த தண்ணீரில் மைக்ரோஃபைபர் துணி, கடைசியாகக் கேன் தண்ணீர். பத்து நிமிட வேலை, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே பத்து நிமிடம்.

அதனால் வண்டியை மினிலாரியில் ஏற்றிச் செட்டிபாளையம் கொண்டுபோய், ஓட்டி, மறுபடி ஏற்றிக் கவர் போட்டு மூடுபவருக்கு பாலிகார்பனேட்டையே சொல்வேன். வாரம் முழுக்கப் பொள்ளாச்சிக்கும் பல்லடத்துக்கும் ஓட்டி, மாதம் ஒரு நாள் ரேசுக்குப் போகும் வண்டி என்றால் கண்ணாடியை விட்டுவிடுங்கள். ரோட்டுக்குச் சட்டமும் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-வது விதி முன், பின் கண்ணாடியில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடியில் 50 சதவீதமும் வெளிச்சம் வரவேண்டும் என்கிறது. புது ஷீட் அதைத் தாண்டிவிடும். ஆனால் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர முத்திரை கடையில் வெட்டி வாங்கிய ஷீட்டில் இருக்காது.

இன்னொன்று, பாலிகார்பனேட் சுத்தியலுக்கும் உடையாது. அது நல்லது, அதுவே ஆபத்தும். வண்டி கவிழ்ந்தால் வெளியே இருப்பவர் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட முடியாது. ஓட்டுநர் கதவு ஷீட்டை வெளியிலிருந்தே கையால் திருப்பிக் கழற்றுகிற மாதிரி நாலு கிளிப்பில் மாட்டியிருக்கிறேன். பரிசோதனைக்கு வரும் அதிகாரியிடம் முன்னாலேயே காட்டிவிடுவது நல்லது. போட்டிக்குப் போட்டி விதி மாறும்.

என் வண்டி கடைசிக் கோட்டில் 130-ஐ ஒட்டித்தான் போகும். அந்த வேகத்துக்கு 3 மி.மீ. போதுமானதாக இருந்தது. பின்கண்ணாடி லேசாக அதிர்ந்ததால் உள்பக்கம் ஒரு அலுமினியப் பட்டை கொடுத்தேன். 200-ஐத் தாண்டும் வண்டிக்கு நான் யோசனை சொல்வது சரியாக இருக்காது.

கீறல் தாங்கும் சிலிகோன் பூச்சுப் போட்ட பாலிகார்பனேட் விலை கூடுதல், வளைவு தாங்காது, பூச்சு வெடிக்கும். அதனால் ஏறத்தாழ தட்டையாக இருக்கும் ஓட்டுநர் கதவுக்கு மட்டும் அதைப் போட்டிருக்கிறேன். இரண்டு மீட்டுதான் ஆகியிருக்கிறது. மற்ற மூன்று கதவையும் விட அது இன்னும் தெளிவாக இருக்கிறது, ஆனால் வெட்டிய ஓரத்தில் பூச்சு கிடையாது, அங்கே இப்போதும் தின்னர் படக்கூடாது.

கழற்றிய ஒரிஜினல் கண்ணாடிகளையும் மெஷின்களையும் ரப்பர் பீடிங்கோடு சேர்த்துச் சாக்கில் சுற்றித் தீவன குடோனில் நிற்கவைத்திருக்கிறேன். படுக்க வைத்தால் மேலே எதையாவது அடுக்கிவிடுவார்கள். எஸ்டீம் 2007-லேயே தயாரிப்பு நின்ற வண்டி. விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.