பெயர்ப்பலகை இல்லாத டோனட் கடை: பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும்

பெரம்பூர் பேப்பர் மில்ஸ் சாலையிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் தள்ளுவண்டியாகத் தொடங்கி, பிறகு ஒரு வீட்டுத் திண்ணைக்கு ஏறி, இப்போது ஷட்டர் போட்ட கடையாகவும் தண்டையார்பேட்டையில் ஒரு கிளையாகவும் வளர்ந்திருக்கும் இந்த டோனட் கடைக்கு இன்றுவரை பெயர்ப்பலகை கிடையாது. சுவரில் சுண்ணாம்பால் ஒரு வட்டம், அதற்குள் சிறியதாக இன்னொரு வட்டம், அவ்வளவுதான். காரணம் கேட்டால், "பேரு வெச்சா அதைக் காப்பாத்தணும் சார்" என்கிறார் கல்லாவில் இருப்பவர்.

இனிப்பு வகைகளில் கமர்கட் பாகு ஊற்றியது நன்று. இஞ்சிமொரப்பா தூவியது சுமார். ஆனால் இக்கடையைத் தேடி வரவேண்டியது கார டோனட்டுக்காகவே. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களோடு வடசென்னைக்கு வந்து சேர்ந்த அத்தோ என்னும் நூடுல்ஸ் கலவையில் என்னென்ன விழுமோ, அதாவது பொரித்த வெங்காயம், பூண்டு, நொறுக்கிய பேஜோ (மொறுமொறுப்பான பொரித்த தட்டை), மிளகாய்த்தூள், புளிக்கரைசல், அவையெல்லாம் சர்க்கரை குறைத்த மாவின்மேல் விழுகின்றன. கேட்கும்போது விபரீதமாகத் தோன்றும் இச்சேர்க்கை, சூடாக வாயில் வைத்த கணத்தில் நியாயமாகிவிடுகிறது.

மாவிலும் குறை சொல்ல முடியாது. மெதுவடைக்கு நடுவில் துளையிடுவது எதற்கோ அதற்காகவே டோனட்டுக்கும் துளை: வெளிப்புறம் கருகுவதற்குள் நடுப்பகுதி வேகவேண்டும். எண்ணெய் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில் நிற்கவேண்டும். சூடு குறைந்தால் மாவு எண்ணெய் குடிக்கும். ஈஸ்ட் சேர்த்து நன்றாக உப்பிய மாவு எண்ணெயில் பாதி மிதந்தபடியே வேகுவதால், திருப்பிப் போட்டு எடுக்கையில் அதன் இடுப்பில் ஒரு வெளிர் வளையம் தெரியும். பெரம்பூரில் நான் வாங்கிய ஆறிலும் அந்த வளையம் இருந்தது.

தண்டையார்பேட்டைக் கிளையிலும் வளையம் இருக்கிறது; டோனட்தான் ஆறிக் கிடக்கிறது. அங்கே அடுப்பு இல்லை. பெரம்பூரில் பொரித்தவற்றை அட்டைப்பெட்டிகளில் அடுக்கி ஆட்டோவில் கொண்டுவந்து, கண்ணாடிப் பெட்டியில் மாலைவரை வைத்திருக்கிறார்கள். கடலோரக் காற்றின் ஈரத்தில் கமர்கட் பாகு பிசுபிசுத்து விரலில் வருகிறது, பேஜோ நமத்துப்போகிறது, மாவோ ரப்பராக இழுபடுகிறது. பொரித்துச் சில மணி நேரத்தில் எந்த டோனட்டும் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் இதில் கைப்பக்குவத்தைக் குறை சொல்ல மாட்டேன். குறை, அடுப்பில்லாமல் கிளை திறந்த அவசரத்தில்தான்.

அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 2003இல் தொடங்கிய வூடூ டோனட், பன்றி இறைச்சித் துண்டு பதித்த டோனட், இளஞ்சிவப்புப் பெட்டி, கடைக்குள்ளேயே திருமணம் எனக் கோமாளித்தனத்தையே அடையாளமாக்கிக்கொண்டு பல நகரங்களுக்குப் பரவியது. பெட்டியின் நிறத்தை எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். நம் பெரம்பூர்க் கடையின் விசித்திரமோ வாணலியிலிருந்து நேராக வருவது. அது ஆட்டோவில் ஏறவில்லை.

விலை இரு இடத்திலும் ஒன்றே: இனிப்பு 50 ரூபாய், காரம் 60. கிளைக்கு ஒரு வாணலி வாங்கும்வரை பெரம்பூருக்கே செல்லுங்கள். மாலை 6 மணிக்கு இரண்டாம் தடவை மாவு போடுகிறார்கள், 7 மணிக்குமேல் கார டோனட் மிஞ்சுவதில்லை.