இணையவழி வாக்கும் காகித வாக்குச்சீட்டும்

வீட்டிலிருந்தபடியே வாக்களிக்கும் வசதியை எஸ்தோனியா 2005 உள்ளாட்சித் தேர்தலில் நாடு முழுவதற்கும் வழங்கியது. 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் இணையவழியாகவே வந்தன. நடக்க இயலாத முதியவருக்கும் கடல்கடந்து வாழும் குடிமகனுக்கும் இது பேருதவி என்பதை மறுக்க முடியாது. வீட்டில் யாரேனும் வற்புறுத்தினால் என்ன செய்வது என்பதற்கும் அங்கே விடை உண்டு: இணையவழி வாக்குப்பதிவு முடியும்வரை மீண்டும் மீண்டும் வாக்களிக்கலாம், கடைசியாக அளித்ததே செல்லும்.

காகிதம் மெதுவானது. ஆனாலும், எண்ணும் மேசையில் அதிகாரி ஒரு சீட்டைப் பிரித்து உயர்த்திக் காட்டும்போது, எதிரே அமர்ந்திருக்கும் முகவர், கணினியைப் பற்றி எதுவும் அறியாதவராயினும், குறி எந்தப் பெயருக்கு நேராக விழுந்திருக்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே கண்டு, ஐயம் எழுந்தால் அங்கேயே எதிர்ப்புத் தெரிவிக்க முடிகிறது. ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் வாக்குப்பதிவு இயந்திரங்கள் குறித்து 2009-இல் வழங்கிய தீர்ப்பும், தேர்தலின் முக்கியப் படிகளைச் சிறப்பு அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும் என்றே வலியுறுத்தியது. இணையவழியில் எண்ணிக்கையைச் சரிபார்ப்பது வல்லுநர் சிலருக்கே கைகூடும்; என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு குறை மற்ற எல்லா வசதிகளையும்விடக் கனமானது. ஆகவே, வாக்குச்சாவடிக்கு வர இயலாதவர்களுக்கு மட்டும் இணையவழியைத் திறந்துவிட்டு, ஏனையோருக்குக் காகிதத்தையே தொடர்வதே முறை என்பேன்.